சம்மத வயதும் சம்மதக் கல்வியும்

2020-ம் வருஷத்தில் கொள்ளை நோய் வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கைபேசி பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. நோய் அகன்றது, பள்ளிகள் திறந்தன, கைபேசி மட்டும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. அதன் வழியே நல்லதும் வரும், கெட்டதும் வரும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், கெட்டது வரும்போது பிள்ளை என்ன செய்யவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும் என்பதை மட்டும் யாரும் பிள்ளைக்குச் சொல்வதாகக் காணோம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய நமது தென் புறநகர்களை நோக்குங்கள். 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் இவை வேலைக்குப் போய் வருவோரின் ஊர்கள். தகப்பனார் கிண்டிக்கோ கோட்டைக்கோ காலையில் ரயிலேறுகிறார். தாயார் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிப்டு வேலைக்குச் செல்கிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை, விளக்கு வைத்து வெகுநேரம் ஆகும்வரை வீட்டில் தனியே இருக்கிறது. வெளிக் கதவைத் தாழிட்டுக்கொள், யார் வந்து தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் தாயார் போகிறார். கைபேசிக்கு அப்படி ஒரு கதவு இல்லை. தட்டாமலே உள்ளே வருகிறவனை என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இது வீண் பீதி என்று சிலர் நினைக்கலாம். 2021-ம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் சென்னையில் நடந்தவற்றை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். கே.கே. நகரில் உள்ள தனியார் பள்ளி ஒன்றின் உபாத்தியாயர், இணைய வகுப்பிலேயே மாணவிகளிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற புகார் அந்த மே மாதத்தில் வெளிவந்து, போலீஸார் அவரைக் கைது செய்தனர். புகார் எப்படி வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய மாணவிகள் தங்கள் அனுபவங்களை இன்ஸ்டாகிராமில் எழுதிய பிறகே ஊர் விழித்தது. பள்ளியில் படித்த காலத்தில் வாய் திறக்க முடியாதிருந்தவர்கள், பள்ளியை விட்டு வெளியேறிய பின்னர் பேசினார்கள். அடுத்த மாதமே, தடை செய்யப்பட்டிருந்த பப்ஜி விளையாட்டை யூடியூபில் ஒளிபரப்பிக்கொண்டு பெண்களை மிக ஆபாசமாக ஏசிவந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தர்மபுரியில் கைதானார். அவர் நமது தென் புறநகரில் குடியிருந்தவர். அந்த ஒளிபரப்பை லட்சக்கணக்கானோர் பார்த்து வந்தனர். அவர்களில் சிறுவர் ஏராளம். ஹைகோர்ட்டில் காதுகொடுத்துக் கேட்கச் சகிக்காததாக இருந்த அந்தப் பேச்சு, நமது வீட்டுப் பையன்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. பெண் என்றால் யார், அவளிடம் எப்படிப் பேசுவது என்ற பாடத்தை வீடும் பள்ளியும் சொல்லாது விட்டால், வேறொருவன் சொல்லிக் கொடுப்பான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சிறுவரைக் கெடுக்க வருகிறவனின் வழி ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். விளையாட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அறிமுகமாகிறான். தானும் ஒரு மாணவன் என்கிறான். புகழ்கிறான், பரிவாகப் பேசுகிறான், ரகசியம் ஒன்றைச் சொல்லி, ரகசியம் ஒன்றைக் கேட்கிறான். பிறகு ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறுகிறது. "நான் கேட்டபடி செய், இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறான். அவன் கையில் உள்ள ஆயுதம் படமல்ல. அப்பாவிடம் பிள்ளைக்குள்ள பயமே அவன் ஆயுதம். அந்தப் பயம் இல்லாவிட்டால் அவன் மிரட்டல் ஒரு காசு பெறாது. பிள்ளை நேராகத் தகப்பனாரிடம் ஓடிவந்து, "இப்படி ஒருவன் மிரட்டுகிறான்" என்று சொல்லிவிடும்.

பொள்ளாச்சியில் நடந்த அக்கிரமம் தமிழ்நாட்டுக்கு இந்த உண்மையையே போதித்தது. 2019-ல் அது வெளிவந்தபோது, பல பெண்கள் நீண்ட காலம் மௌனமாக வதைபட்டிருந்தது தெரிந்தது. வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தின் மீதே அந்தக் கயவர்கள் தங்கள் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார், கோட்டை சரிந்தது. 2025-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைவாசம் விதித்தது. வளர்ந்த பெண்களையே வாய்மூடச் செய்த அந்த அச்சம், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை என்ன பாடு படுத்தும்?

பெண்ணைப் பெற்றவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்றும் யாரும் எண்ணவேண்டாம். மத்திய சர்க்கார் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள், அதாவது நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது அதன் நம்பிக்கைக்கு உரிய ஸ்தானத்தில் இருந்தவர்கள். கைபேசி வீட்டுக்கு வீடு பரவாத காலத்துக் கணக்கு இது.

சம்மதம் என்ற சொல் நமது தேச சரித்திரத்தில் புதிதல்ல. 1860-ம் வருஷத்திய தண்டனைச் சட்டத்தில் பெண்ணின் சம்மத வயது பத்து என்று இருந்தது. வங்காளத்தில் புல்மணி என்ற சிறுமி, முப்பது வயது தாண்டிய கணவனால் மாண்டுபோன வழக்கு தேசத்தைக் கலக்கிய பிறகே, 1891-ல் அந்த வயது பன்னிரண்டாக உயர்ந்தது. லோகமான்ய திலகர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். சீர்திருத்தம் ஜனங்களிடமிருந்து பிறக்கவேண்டும், அன்னிய சர்க்கார் நமது இல்லற விஷயங்களில் கைவைக்கலாகாது என்பது அவர் கட்சி. 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறிப் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கியது. சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் பால்ய விவாகத்துக்கு எதிராக ஓயாது வாதாடினார். சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்ட் 2012-ல் இயற்றிய போக்ஸோ சட்டம், ஆணாயினும் பெண்ணாயினும் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்று வகுத்தது.

பத்திலிருந்து பதினெட்டுக்கு வர நமது தேசத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இந்த நீண்ட போராட்டம் முழுவதும் சம்மத வயதைப் பற்றியே. சம்மதம் என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் காரியம் இன்னும் ஆரம்பமாகவில்லை என்றே சொல்லவேண்டும். திலகர் காலத்தில், ஆட்சி அன்னியருடையது என்று சொல்ல இடமிருந்தது. இன்று சர்க்கார் நம்முடையது, பள்ளிக்கூடம் நம்முடையது, பாடப் புத்தகமும் நம்முடையது. சீர்திருத்தம் ஜனங்களிடமிருந்தே பிறக்கட்டும் என்றால், ஜனங்கள் அதைத் தொடங்குவதற்கு இன்னும் என்ன தடை?

நமது வீடுகளில் குழந்தைக்கு முதலில் கற்பிக்கும் குணம் கீழ்ப்படிதல். பெரியவர் சொன்னால் கேள், மாமா கூப்பிட்டால் போய் மடியில் உட்கார், சார் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்கிறோம். மரியாதை நல்ல குணமே. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒருபோதும் பழக்கப்படாத குழந்தை, சொல்லியே தீரவேண்டிய வேளையிலும் சொல்லாது. அதன் கீழ்ப்படிதலையே கயவன் பயன்படுத்திக்கொள்கிறான். அடிமைக்குத்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. தன் உடம்பின் மீது தனக்கே சுயராஜ்யம் உண்டு என்று அறியாத குழந்தையை, சுதந்திர தேசத்தின் பிரஜை என்று எப்படி அழைப்பது?

இக் கல்வியின் அவசியத்தை நமது உயர்ந்த நியாய ஸ்தலங்களே வலியுறுத்தியிருக்கின்றன. குழந்தைகளின் ஆபாசக் காட்சிகளைக் கைபேசியில் இறக்கி வைத்திருந்ததாகச் சென்னை இளைஞர் ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கை, 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அத் தீர்ப்பைத் தள்ளி, அத்தகைய காட்சிகளை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று விளக்கியது. அவற்றை 'குழந்தை ஆபாசப் படம்' என்று அழைப்பதே தவறு, குழந்தையைச் சுரண்டி வதைத்ததன் பதிவு என்றே அழைக்கவேண்டும் என்றும் அது சொன்னது. சட்டத்தின் பொருளில் இரண்டு கோர்ட்டுகளும் மாறுபட்டன. ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடவில்லை. இளைஞரைப் பழித்துத் தண்டிப்பதோடு நில்லாமல் சமூகம் அவர்களுக்கு அறிவூட்டவேண்டும் என்று ஹைகோர்ட் நீதிபதி எழுதினார். சம்மதத்தின் பொருளையும் உட்கொண்ட முழுமையான பாலியல் கல்வியை இளம் பிராயத்திலேயே தர ஏற்பாடு செய்யுமாறு சுப்ரீம் கோர்ட் மத்திய சர்க்காருக்கு யோசனை கூறியது. மாறுபட்ட இரு நியாய ஸ்தலங்கள் ஒருமனதாகச் சொல்லும் யோசனையைச் செவிமடுக்க நாம் தயங்கலாமா?

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தபோது மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. இது மேனாட்டுச் சரக்கு, நமது கலாசாரத்துக்கு ஒவ்வாதது, தெரியாத பிள்ளைக்கு ஆசையை மூட்டும் என்று அன்று சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். அவர்களை நாம் கேட்கிறோம்: பிள்ளைக்குத் தெரியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதன் கையில் உள்ள கருவியில், விரலைத் தட்டினால் வராத காட்சி எது? அசுத்தமான வழியில் எல்லாம் தெரிந்துகொள்ளட்டும், சுத்தமான வாயால் மட்டும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்பதுதான் கலாசாரமா?

மேலும், நாம் கேட்கும் கல்வியில் ஆபாசத்துக்கு இடமே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லவேண்டியது இவ்வளவே: உன் உடம்பு உன்னுடையது, உனக்குப் பிடிக்காதபடி யாரும் தொடக்கூடாது, அம்மாவிடம் சொல்லாதே என்று எவர் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம் சொல். பத்து வயதுப் பிள்ளைக்கு: இணையத்தில் தன்னைச் சிறுவன் என்று சொல்கிறவன் சிறுவனாக இருக்கவேண்டியதில்லை, பெயர், பள்ளி, வீடு, படம் ஆகியவற்றைக் கேட்பவனுக்குக் கொடுக்காதே. பதினான்கு வயதினருக்கு: பயந்து சொன்ன சரி, சம்மதம் ஆகாது, ஏமாந்து சொன்ன சரியும் ஆகாது, பேசாமல் இருந்ததும் ஆகாது. நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்னலாம். ஒருவருக்குக் காட்டச் சம்மதித்தது, ஊருக்குக் காட்டச் சம்மதித்தது ஆகாது. பதினெட்டு நிரம்பாதவரிடம் பெரியவர் ஒருவர் இத்தகைய சம்மதம் கேட்பதே குற்றம். இதில் எந்த வாக்கியம் நமது கலாசாரத்துக்கு ஒவ்வாதது?

ஆண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. வகுப்புத் தோழியின் படத்தை அவள் அறியாமல் எடுப்பதும், அவள் முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டுவதும், வந்ததை வேடிக்கையாக நாலு பேருக்கு அனுப்புவதும் விளையாட்டல்ல. பதினெட்டு நிரம்பாதவரின் ஆபாசக் காட்சியை மின்வழியில் அனுப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, முதல் தடவையே ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அனுப்பியவனும் சிறுவன் என்றால் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்கவேண்டும். பெற்றோரும் இதில் ஓர் உதாரணம் காட்டலாம். பிள்ளையின் படத்தை முகநூலில் போடுமுன், "போடலாமா?" என்று அதைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதம் என்ற பாடத்துக்கு அதைவிட எளிய உபாத்தியாயர் இல்லை.

கைபேசியைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீராதா என்று சிலர் கேட்பார்கள். ஆஸ்திரேலியா தேசம் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்வதை 2025 டிசம்பர் முதல் தடுத்திருக்கிறது. நமது பார்லிமெண்டும் 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று விதித்திருக்கிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் வேலி எவ்வளவு உயரமானாலும் பிள்ளை ஒரு நாள் வேலிக்கு வெளியே வந்தே தீரும். மற்றொன்றும் உண்டு: சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அறிந்த பிள்ளை சொல்லவே சொல்லாது. பெண் பிள்ளைக்கோ, கைபேசி மட்டுமல்ல, படிப்பே போய்விடுகிறது. மிரட்டியவன் வெளியே உலவுகிறான். மிரட்டப்பட்டவள் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, அவசரமாக வரன் பார்க்கப்படுகிறாள். குற்றவாளிக்குக் கோர்ட் தண்டனை விதிக்குமுன், குற்றமற்றவளுக்கு வீடு தண்டனை விதித்துவிடுகிறது. இந்த அநீதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

புகார் செய்தால் மானம் போகும் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது. ஜனங்கள் அதை அறியவில்லை. போக்ஸோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யவேண்டும். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வரவேண்டும். போலீஸ் உடுப்பில் வரக்கூடாது. எக் காரணத்தாலும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அதன் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவர் ஆறு மாதம் வரையிலும், ஒரு ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு தன் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தவர் ஒரு வருஷம் வரையிலும் சிறைத் தண்டனைக்கு உரியவர். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கும் நிர்வாகிகள் இதைப் படித்துக்கொள்வார்களாக. படம் பரவிவிடுமோ என்று அஞ்சுவோருக்கு, 2023 முதல் அமெரிக்காவில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனம் 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாட்டை நடத்திவருகிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்து, இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களில் அது பரவாமல் தடுக்க அதில் வழி உண்டு.

சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை. 2021 சம்பவங்களுக்குப் பின், இணைய வகுப்புகளைப் பதிவு செய்யவேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவேண்டும், வருஷந்தோறும் நவம்பர் 15 முதல் 22 வரை குழந்தை வன்கொடுமைத் தடுப்பு வாரம் கொண்டாடவேண்டும் என்று உத்தரவிட்டார்கள். 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்க ஏற்பாடாயிற்று. 14417, 1098 என்ற தொலைபேசி எண்களை மாணாக்கருக்கு அறிவித்தார்கள். உத்தரவுகள் நல்லவை. ஆனால் பெட்டி ஊமை, எண்ணும் ஊமை. தனக்கு நேர்ந்தது குற்றம் என்று அறியாத குழந்தை பெட்டியில் எதை எழுதிப் போடும்?

ஆகவே தாம்பரம் வட்டாரத்தாருக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம். தாம்பரத்துக்கு 2021 நவம்பர் முதல் தனி மாநகராட்சி உண்டு. 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனரேட்டும் உண்டு. பிறர் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டிய ஊர் அல்ல இது. முதலாவதாக, மாநகராட்சி எல்லையில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும், மூன்றாம் வகுப்பு முதல், மாதம் இரண்டு பீரியடுகளாவது இக் கல்விக்கு ஒதுக்கவேண்டும். அது தமிழில், குழந்தைக்குப் புரியும் சொற்களில், பயிற்சி பெற்ற உபாத்தியாயரால் நடத்தப்படவேண்டும். ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லும் வழக்கம் ஒழியவேண்டும். இரண்டாவதாக, மகளிர் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி பருவத்துக்கு ஒரு முறை சாதாரண உடையில் பள்ளிக்கு வந்து மாணாக்கருடன் பேசவேண்டும். பழகிய முகத்திடம் குழந்தை பேசும். மூன்றாவதாக, சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அதில் பாதி பெண்கள். அக் குழு நவம்பர் வாரத்தில் பெற்றோரைக் கூட்டி, ஒரே ஒரு வாக்குறுதியைப் பெறட்டும்: "நீ என்ன சொன்னாலும் அடிக்கமாட்டோம், ஏசமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம், உன் பக்கம் நிற்போம்." அந்த வாக்குறுதியைப் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லட்டும்.

நமது வாசகர்களில் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் ஈடுபட்ட ஆடவர்கள். மேடை ஏறுகிறவர்கள், கொடி பிடிக்கிறவர்கள், வார்டு தோறும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறவர்கள். இது பெண்களின் விஷயம் என்று அவர்கள் ஒதுங்கலாகாது. பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவது தேச சேவையாகாது. பிள்ளை அஞ்சுவது பெரும்பாலும் தகப்பனாரிடந்தான். ஆதலால் அச்சத்தைப் போக்கவேண்டிய கடமையும் தகப்பனாருடையதே. ஓட்டுக் கேட்கப் போன அதே வீடுகளுக்கு இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு போங்கள். படிப்பகங்களில் பேசுங்கள். உங்கள் கட்சிக் கிளையின் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். கட்சி எதுவாயினும் குழந்தை நம்முடையது.

அதற்கு முன், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி, அந்த வாக்குறுதியை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். சட்டசபை கூடவேண்டியதில்லை, உத்தரவு வரவேண்டியதில்லை, ஒரு காசு செலவில்லை. தகப்பன் காதுகொடுத்துக் கேட்பான் என்று நம்பும் குழந்தையிடம் எந்தக் கயவனின் மிரட்டலும் செல்லாது.